ஃபயர்வால் 'சர்வர்' அனுமதி கேட்டால்

கணினிக்குள் வரும், வெளியே போகும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால், சில நேரம் ஒரு நிரலுக்கு 'சர்வர்' அனுமதி, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்கும் அனுமதி, தரலாமா என்று கேட்கும். அந்த இணைப்பில் முதல் பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்புவது யார்? ஃபயர்வால் விதி எழுதும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பிரவுசர் தானே வெளியே 443-ஆம் போர்ட்டுக்கு (இணைப்புக்கான எண்ணிட்ட வாசலுக்கு) இணைப்பைத் தொடங்குகிறது. எனவே அது கிளையன்ட். பதிலாக வரும் பாக்கெட்டுகளை, ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளைக் குறித்துவைக்கும் இணைப்பு அட்டவணையைப் பார்த்து ஃபயர்வாலே உள்ளே விட்டுவிடும். அதற்கென்று தனி விதி வேண்டாம். பலர் தவறுவது இங்கேதான்: "பதில் வர வேண்டுமே" என்று பிரவுசருக்கும் சர்வர் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள்.

சர்வர் என்பது ஒரு போர்ட்டைத் திறந்துவைத்து, வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் காத்திருக்கும் நிரல். விண்டோஸில் கோப்புப் பகிர்வுக்கு 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. இவற்றைத் திறந்தே ஆக வேண்டுமென்றால், அனுமதியை 192.168.1.0/24 போன்ற உங்கள் உள் வலையமைப்பு முகவரிகளோடு நிறுத்துங்கள். சோதிப்பது இன்னொரு கணினியிலிருந்து இருக்கட்டும். அதே கணினியில் 127.0.0.1 (கணினி தன்னையே அழைக்கும் முகவரி) வழியாகப் போனால் ஃபயர்வால் பெரும்பாலும் தடுக்காது.