ஈயச்சொம்பும் துப்பாக்கியும்

டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன், நேற்றுக் காலை சமையலறையில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பைக் காதோடு சேர்த்துப் பிடித்து, அதன் விளிம்பை மெல்ல வளைத்துக்கொண்டிருந்தான். நெறுநெறுவென்று ஓர் ஓசை எழுந்தது. சுத்தமான வெள்ளீயத்தை வளைத்தால் அப்படித்தான் சத்தம் வருமாம். எங்கள் வண்ணாரப்பேட்டைத் தெருவில் தண்ணீர் லாரி நின்று அலறினாலும் காதில் விழாத அம்மாவுக்கு, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நிலையிலும் இது விழுந்துவிட்டது.

விசாரணையில் உண்மை வெளிவந்தது. கௌபாய்கள் கைப்பிடிக்குக் கீழுள்ள லீவரை இழுத்துத் தள்ளிச் சுடுவார்களே, அந்த 1894ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர் துப்பாக்கி ஒன்று அவனிடம் இருக்கிறது. அதற்கான குண்டுகளைக் கடையில் வாங்குவது கௌரவக் குறைச்சல் என்பதால், காரீயத்தை உருக்கித் தானே வார்க்கிறான். வெறும் காரீயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் பாயாது; நூற்றுக்கு 2 பங்கு வெள்ளீயம் சேர்த்தால்தான் குண்டு முழுமையாக நிறையும்; உள்ளே குமிழ் விழுந்தால் எடை மாறும், எடை மாறினால் குறி தப்பும். அம்மாவின் ஒரு கிலோ சொம்பு 50 கிலோ காரீயத்துக்குத் தாராளமாகப் போதும் என்பது அவனது கணக்கு. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று கல்யாணமான மறுநாளே அண்ணிக்கு அம்மா பாடம் எடுத்தது, 232 டிகிரியில் உருகும் அந்தக் குணத்துக்காகவே மகன் அதன்மேல் கண் வைப்பான் என்று தெரியாமல்தான்.

துப்பாக்கிக்குள் தோட்டாக்களை நிரப்பி வைக்கும் குழாய் மேகசினில் அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், பின்னால் இருப்பதன் கூர்முனை முன்னால் இருப்பதன் அடியில் உள்ள, இடித்தால் தீப்பற்றும் பிரைமரைக் குத்திவிடாதபடி குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும் என்று அவன் விளக்கியதை அம்மா பொருட்படுத்தவில்லை. ஒரு குண்டு என்ன எடை என்று மட்டும் கேட்டார். 170 கிரெயின், அதாவது 11 கிராம் என்றான். ஒன்றரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு என்று உடனே கணக்குப் போட்ட அம்மா, இவ்வளவையும் வைத்து யாரைச் சுடப் போகிறாய் என்றார். அட்டையில் ஓட்டை போடுவதற்குத்தான் என்ற பதில் நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அந்த நேரத்தில்தான், ஆயுள் முழுவதும் அச்சகத்தில் காரீயத்தை உருக்கி அச்செழுத்து வார்த்த அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். அண்ணனின் கைப்பேசியில் இருந்த குண்டுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மேலெல்லாம் சுருக்கம் விழுந்திருக்கிறது, அச்சு சூடேறும் முன்பே ஊற்றியிருக்கிறாய் என்றார். கடினத்துக்கு ஆண்டிமனி என்ற உலோகம், ஓரம் கூர்மையாக விழ வெள்ளீயம் என்று அவர் சொல்லச் சொல்ல அண்ணன் குறித்துக்கொண்டான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி இவர்கள் பேசி நான் பார்த்ததில்லை. மாலையில் இருவரும் தங்கசாலைப் பக்கம் வெள்ளீயத்தின் விலை விசாரிக்க ஒன்றாகக் கிளம்பியும் விட்டார்கள்.

சொம்பு இப்போது பீரோவில் நகைகளோடு பூட்டப்பட்டிருக்கிறது. அண்ணன் விமானம் ஏறும்வரை எவர்சில்வர் பாத்திரத்து ரசம்தான். நேற்று இரவு அதைக் குடித்துவிட்டு, வித்தியாசமே தெரியவில்லை என்று அப்பாவும் மகனும் ஒரே குரலில் சொன்னதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.