அத்தானும் தானியங்கிக் கதவும்

வண்டிகளின் வேகத்தை அளக்கும் போலீஸ் ரேடாரை மோப்பம் பிடித்து அலறுகிற ‘ரேடார் டிடெக்டர்’ கருவியைக் காரில் பொருத்திய பிறகு அத்தான் வேகமாகப் போவதையே விட்டுவிட்டார். வேகமாகப் போவதற்காகத்தானே அதை வாங்கினீர்கள் என்று கேட்டால் முறைக்கிறார்.

கருவி அலறும், அத்தான் பிரேக்கை மிதிப்பார், பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துத் தன் கருத்தைத் தெரிவிப்பார். சுற்றிப் பார்த்தால் போலீஸ் இருக்காது. ஏதாவது ஒரு பெரிய கடை இருக்கும். ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவின் தலைமேல் பெரும்பாலும் ஒரு சின்ன ரேடார் உட்கார்ந்திருக்கிறது. அதன் அலைவரிசை 24 கிகாஹெர்ட்ஸ். போலீசின் ரேடார் துப்பாக்கிகள் பல வேலை செய்கிற ‘கே’ பட்டையும் அதே பேட்டைதான். கதவையும் காவலரையும் பிரித்துப் பார்க்கப் பாவம் கருவிக்குத் தெரியவில்லை. இந்தத் தொல்லையைக் குறைக்க அதில் ‘சிட்டி’ என்று ஒரு பொத்தான் உண்டு. அத்தான் அதைத் தொடமாட்டார். உண்மையான போலீசையும் சேர்த்து வடிகட்டிவிட்டால்?

ஒருநாள் நெடுஞ்சாலையில் அலறல் ஓயவே இல்லை. முன்னால் ஒரு வெள்ளைக் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. “மப்டி போலீஸ், தம்பி. முந்தினால் பிடித்துவிடுவான்” என்று கிசுகிசுத்தார், அவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. நாங்களும் ஊர்ந்தோம். கடைசியில் அந்தக் கார் கிளைச் சாலையில் திரும்பியபோது பார்த்தால், ஓட்டியவர் ஒரு பாட்டியம்மா. பக்கவாட்டில் வண்டி வந்தால் எச்சரிக்க அவர் காரின் பின்பம்பரில் இருக்கிற ரேடாரைப் பார்த்துத்தான் இத்தனை அலறலும்.

போலீஸ் வேகம் அளக்கப் பயன்படுத்துகிற லேசர் துப்பாக்கியின் விஷயம் இன்னும் வேடிக்கை. ரேடார் அலை பரந்து சிதறுவதால் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடலாம். லேசர் அப்படியில்லை. 300 மீட்டர் தள்ளி வந்தாலும் அதன் கற்றை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான்; நேராக நம்பர் பிளேட்டில் குறி வைப்பார்கள். ஒரு வினாடிக்குள் வேகம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு “லேசர்! லேசர்!” என்று கருவி கூவுவது, அடி விழுந்த பிறகு “குனி” என்று சொல்வதைப் போன்றது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இந்தக் கருவியோடு கார் ஓட்டுவதே குற்றம். டிடெக்டருக்குள்ளிருந்து கசியும் மெல்லிய அலையை வைத்து டிடெக்டரையே கண்டுபிடிக்கும் கருவியும் உண்டு. இதைச் சொன்னதும் அத்தான் கேட்ட முதல் கேள்வி: “அந்தக் கருவியைக் கண்டுபிடிக்க ஏதாவது விற்கிறார்களா?”

போன வாரம் நிஜமாகவே மாட்டியிருக்க வேண்டியது. ஒரு மருந்துக் கடை அருகே வழக்கம்போல அலறல், வழக்கம்போல பிரேக். வேகம் குறைந்து வளைவில் திரும்பியதும் “லேசர்!” எதிரே துப்பாக்கியை நீட்டியபடி ஒரு காவலர். எங்கள் வேகத்தைப் பார்த்துச் சலித்துப்போய் அடுத்த வண்டிக்குத் திருப்பிக்கொண்டார்.

“பார்த்தாயா தம்பி? கருவி காப்பாற்றிவிட்டது.”

“காப்பாற்றியது மருந்துக் கடைக் கதவு, அத்தான்.”

பின்சீட்டிலிருந்து அக்கா நிதானமாகச் சொன்னாள்: “அந்தக் கடைக்குத்தான் வந்தோம். வண்டியைத் திருப்புங்கள்.”