டெலே பி2: ‘சந்தேகம் என்றால் சப்ஜங்டிவ்’ என்று படித்துத் தோற்றவன் எழுதுவது

நேற்று டெலே என்கிற ஸ்பானிஷ் மொழித் தேர்வின் பி2 நிலைக்கு ரிசல்ட் வந்தது. ஆப்தோ, அதாவது பாஸ்! இரண்டாவது முயற்சி. போன முறை வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த குழுவில் 30 வேண்டிய இடத்தில் 28 சொச்சம். குறைந்த அந்த மார்க் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

பழைய நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்: உறுதி என்றால் இண்டிகேட்டிவ், சந்தேகம் என்றால் சப்ஜங்டிவ் (இரண்டும் ஸ்பானிஷ் வினைச்சொல் எடுக்கும் வடிவங்கள்). தேர்வில் ஒரு தோழிக்கு எழுதும் கடிதத்தில் ‘நீ வந்ததில் சந்தோஷம்’ என்று எழுத வேண்டி வந்தது. அவள்தான் வந்துவிட்டாளே, இதில் என்ன சந்தேகம்? ‘மே அலேக்ரோ தே கே அஸ் வெனிதோ’ என்று எழுதினேன். சப்ஜங்டிவில் ‘ஆயாஸ் வெனிதோ’ வந்திருக்க வேண்டும். அடுத்த பத்தியில் ‘க்ரேயோ கே’ (‘என்று நினைக்கிறேன்’). நினைக்கிறேன் என்றாலே அரைச் சந்தேகம்தானே என்று சப்ஜங்டிவ் போட்டேன். அதுவும் தப்பு.

இப்போது ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: ‘கே’க்கு (நம் ‘என்று’ மாதிரி) பின்னால் வருவதை நான் செய்தியாகச் சொல்கிறேனா? ‘க்ரேயோ கே’ என்றால் ஆமாம், தயங்கித் தயங்கியாவது சொல்கிறேன், இண்டிகேட்டிவ். அவள் வந்தது அவளுக்கே தெரியும். நான் சொல்வது என் சந்தோஷத்தை, சப்ஜங்டிவ்.

நம் தமிழே பாதி வேலையைச் செய்துவிடும். ‘தீலே கே வியெனே’ என்றால் ‘அவன் வருகிறான் என்று சொல்’. ‘தீலே கே வெங்கா’ என்றால் ‘அவனை வரச் சொல்’. பால்கனி இருக்கிற அந்த வீட்டைத் தேடினால் ‘தியெனே’ (இண்டிகேட்டிவ்). பால்கனி இருக்கிற மாதிரி ஏதாவது ஒரு வீடு தேடினால் ‘தெங்கா’ (சப்ஜங்டிவ்). ‘குவாந்தோ’வில் (‘-போது’) மட்டும் தமிழ் காலை வாரிவிடும். ‘வந்ததும் சொல்கிறேன்’ என்று நாம் இறந்தகாலம் மாதிரி பேசுகிறோம். ஸ்பானிஷில் இன்னும் நடக்காதது என்றால் சப்ஜங்டிவ், ‘குவாந்தோ யேகே’. தினமும் நடப்பது என்றால் இண்டிகேட்டிவ், ‘யேகோ’.

யோசிக்காமல் மனப்பாடம் செய்ய வேண்டியவை:
- ‘ஓஹலா’ (‘நடந்தால் நன்றாயிருக்கும்’), ‘பாரா கே’ (‘அதற்காக’): எப்போதும் சப்ஜங்டிவ்.
- நிபந்தனை ‘சி’ (‘-ஆல்’): நிகழ்கால சப்ஜங்டிவ் வரவே வராது. ‘சி தெங்கோ’ (நிகழ்கால இண்டிகேட்டிவ்) அல்லது ‘சி துவியேரா’ (இறந்தகால சப்ஜங்டிவ்).
- ‘அவுங்கே’ (‘இருந்தாலும்’): இரண்டும் வரும். மழை பெய்கிறது, இருந்தாலும் என்றால் இண்டிகேட்டிவ், ‘யுவேவே’. பெய்தாலும் பரவாயில்லை என்றால் சப்ஜங்டிவ், ‘யுவேவா’.

சப்ஜங்டிவ் எதற்குப் பின்னால் வரும் என்று நூறு சொற்றொடர்ப் பட்டியல் கொடுப்பார்கள். எனக்கு ஒத்துவரவில்லை, கிழித்துப் போட்டேன். மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுத் தேர்வுக்கு மூன்றே வாக்கியத் தொடக்கங்களைக் குளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினேன்: ‘நோ க்ரேயோ கே சேயா’ (அப்படி என்று நினைக்கவில்லை), ‘எஸ் இம்போர்த்தாந்தே கே ஆயா’ (இருப்பது முக்கியம்), ‘பாரா கே புவேதான்’ (அவர்களால் முடிவதற்காக). உள்ளே போய் மூன்றையும் எப்படியோ நுழைத்துவிட்டேன்.

அப்புறம் வாசிப்புத் தாளில் 14 கோடிட்ட இடங்கள் வரும் நான்காவது பகுதியை இந்த முறை முதலில் போட்டேன். போன தடவை அதற்கு மிஞ்சியது ஏழு நிமிடம்.