மறைத்து வைத்த காலடி

ஜூலை 4, 2024, வியாழன்

மும்பை அந்தேரியில் நான் ஃபோலி கலைஞனாக, அதாவது படத்தில் வரும் காலடி, அடி போன்ற ஓசைகளைக் கூடத்தில் உண்டாக்கிப் பதிவு செய்பவனாக, வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இன்று ஒரு சின்னப் படம் வந்து சேர்ந்தது. இயக்குநர் தாராவி தொண்ணூறு அடி சாலையில் பிறந்து வளர்ந்த தம்பி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கதை எளிமையானது. கிடங்குகளை வைத்துப் பிழைக்கும் ஒரு கடத்தல் கும்பலுக்குள் அடையாளத்தை மறைத்துக்கொண்டு நுழைகிறான் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். தாத்தாவிடம் சிலம்பம் கற்றவன். கும்பலோடு இருக்கும்வரை அவன் கம்பைத் தொடக் கூடாது. தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படப்பிடிப்பில் பதிவான வசனத்தோடு முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கையில் காசில்லாமல் எடுத்தது எல்லாக் காட்சியிலும் தெரிகிறது. ஒரே கிடங்கைச் சுவரின் நிறத்தை மாற்றி மூன்று கிடங்காகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சண்டையில் பொய் இல்லை. நடித்திருக்கும் பையன் நிஜமாகவே கம்பு சுற்றுகிறவன், ஆகவே காட்சியை வெட்டி ஒட்டி மறைக்க வேண்டிய தேவை வரவில்லை. நீளமாக ஓட விட்டிருக்கிறார்கள். இவன் கைக்கும் காலுக்கும் ஓசை கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்ததில் மனம் நிறைந்துவிட்டது.

ஜூலை 6, சனி

குறைந்த செலவில் எடுக்கும் சண்டைப் படங்களில் மாறுவேடப் போலீஸ்காரர்கள் ஏன் இத்தனை பேர்? கேசட் போட்டுக் காட்டிய காலத்திலிருந்து இந்தப் படங்களைப் பார்த்து வருகிறேன். எனக்கென்று ஒரு பதில் உண்டு.

முதல் காரணம் காசுதான். கதாநாயகன் சொந்தச் சட்டையில் வந்தால் போதும். சீருடை வேண்டாம், ஜீப் வேண்டாம், காவல் நிலைய செட் வேண்டாம். ஒரு மேலதிகாரி, ஒரு டீக்கடை, அங்கே ஒரு ரகசியச் சந்திப்பு. காவல் துறை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. துப்பாக்கி இருக்கும் உலகத்தில் ஒருவன் எதற்காகக் காலால் உதைக்க வேண்டும்? சண்டைப் படம் எடுக்கும் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 1973-இல் சுமார் 8.5 லட்சம் டாலரில் எடுத்த ‘என்டர் தி டிராகன்’ அதை நேராகவே கேட்டுவிடுகிறது. ஒரு தீவில் நடக்கும் சண்டைப் போட்டிக்குப் போட்டியாளன் என்ற போர்வையில் உளவு பார்க்கப் போகும் புரூஸ் லீ, ஒரு துப்பாக்கியால் காரியத்தை முடித்துவிடலாமே என்கிறார். அந்தத் தீவில் துப்பாக்கிக்கு இடமில்லை என்று பதில் வருகிறது. 1990-இல் வந்த ‘டெத் வாரன்ட்’ தீவுக்குப் பதிலாகச் சிறையை எடுத்துக்கொண்டது. கனடா நாட்டுக் காவலராக வரும் ழான் குளோட் வான் டாம், கைதி வேடத்தில் கலிபோர்னியாச் சிறைக்குள் போகிறார். கைதிக்கு ஏது துப்பாக்கி?

தீவும் சிறையும் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு உடம்பை மட்டும் மிச்சம் வைக்கின்றன. மாறுவேடம் இன்னும் கொடுமையானது: அந்த உடம்பு கற்றதையும் மறைக்கச் சொல்கிறது. இந்தப் படங்களின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவன், தெரியாதவனாகச் சண்டை போட வேண்டும். தோற்றாலும் சாவு, அழகாக ஜெயித்தாலும் சாவு.

ஜூலை 8, திங்கள்

மழை. நள்ளிரவு ஒரு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் நடுவில் நகரின் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. தண்டவாளம் தண்ணீரில், பள்ளிகளுக்கு விடுமுறை. வீடு இருக்கும் சயான் கோலிவாடாவிலிருந்து அந்தேரிக்குப் போகும் எண்ணத்தைக் காலையிலேயே கைவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து ‘தி ரெய்டு 2’ பார்த்தேன். 2014-இல் வந்த இந்தோனேசியப் படம். இதன் பின்னணியைச் சின்னப் பட இயக்குநர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வேல்ஸ் நாட்டுக்காரரான காரெத் எவன்ஸ் முதலில் எடுக்க நினைத்தது இந்த மாறுவேடக் கதையைத்தான். பணம் திரளவில்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடக்கும் கதையைச் சுமார் 11 லட்சம் டாலரில் எடுத்தார். அதுதான் 2011-இல் உலகம் சுற்றிய ‘தி ரெய்டு’. அது ஓடிய பிறகே பழைய கதைக்கு வழி பிறந்தது. கதாநாயகன் இகோ உவைஸ், எவன்ஸ் கண்ணில் படும்வரை ஒரு தொலைபேசி நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்தவர். ஆனால் பென்சாக் சிலாட் என்னும் அந்த ஊர்த் தற்காப்புக் கலை அவருக்குக் குடும்பச் சொத்து.

சிறையில் ஒரு சண்டை வருகிறது. கழிப்பறைத் தடுப்புக்குள் அவர் தனியாக இருக்கிறார், வெளியே ஒரு கூட்டமே கதவை மோதுகிறது. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அடி விழுவதற்கு முன்னால் வரும் காத்திருப்புதான் பயமுறுத்துகிறது. எங்கள் படத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொறுமையை.

ஜூலை 11, வியாழன்

இன்று முதல் கிடங்குச் சண்டையின் காலடிகள். எங்கள் கூடத்தின் தரையில் கட்டம் கட்டமாக சிமென்ட், மரப்பலகை, ஓடு, மணல், சரளை எல்லாம் பதித்திருக்கிறோம். சிமென்ட் கட்டத்தில் கைப்பிடி மணலைத் தூவி, தேய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, திரையில் ஓடும் பையனோடு சேர்ந்து நானும் நகர்ந்தேன்.

இந்தச் சண்டையில் அவன் கூலிக்கு அடிக்கும் ஆளாக நடிக்க வேண்டும். ஆகவே குதிகாலைத் தொப்புத் தொப்பென்று வைக்கிறான், கையை அகலமாக வீசுகிறான், மூச்சு வாங்குகிறான். நடுவில் ஓரிடம். பின்னாலிருந்து ஒருவன் இரும்புக் குழாயை ஓங்குகிறான். நம் ஆள் யோசிக்க நேரமில்லாமல் விலகிவிடுகிறான். கும்பலில் உள்ள கிழவர் ஒருவர் சட்டென்று தலையைத் திருப்பி அவனைப் பார்க்கிறார். காமிரா இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. கால் தெரியவே இல்லை. கிழவர் எதற்காகத் திரும்புகிறார் என்பதற்குப் படத்தில் காரணமே இல்லாமல் இருக்கிறது. இசையால் சமாளிக்கலாம் என்று தம்பி நினைத்திருந்தார்.

நான் சொன்னேன்: தம்பி, அவர் திரும்புவது காலடியைக் கேட்டுத்தான். அதுவரை குதிகால் சத்தம். அந்த ஒரு விலகலில் மட்டும் முன்பாதம் மணலைச் சீய்க்கும் ஓசை, சர்ரென்று, அரை வட்டம். சிலம்பச் சுவடு, சிலம்பத்தில் கால் வைக்கும் முறை. அடுத்த அடியிலேயே மறுபடி குதிகால்.

செருப்பின் முன்விளிம்பால் மணலை வளைத்து இழுத்துப் பதிவு செய்தேன். மணல் அதிகமானால் கடற்கரைக் காட்சியாகிவிடுகிறது. குறைந்தால் ரப்பர் கிறீச்சிடுகிறது. மாலைக்குள் சரியான அளவு அமைந்தது. படத்தோடு சேர்த்து ஓட்டினோம். கிழவர் தலை திரும்பியபோது தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் மாதுங்கா சந்தைக்குப் போய் வாழைத்தண்டும் முள்ளங்கியும் வாங்கினேன். சமையலுக்கு அல்ல, எலும்பு முறியும் ஓசைக்கு. முள்ளங்கியை ஈரத் துணியில் சுற்றி முறுக்கினால் விரல் முறியும். முழங்கைக்கு வாழைத்தண்டுதான் சரி: நார் பிய்ந்துகொண்டே உடைவதால் சத்தத்துக்குள் ஒரு ஈரம் இருக்கும். மிச்சமான தண்டை மனைவி கூட்டு வைத்துவிட்டாள்.

ஹாங்காங் படங்களைப் பற்றித் தம்பிக்கு இன்று நிறையச் சொன்னேன். அங்கே நெடுங்காலம் படப்பிடிப்பில் ஒலியே பதிவு செய்யவில்லை. வசனம் முதல் குத்துவரை எல்லாம் பிறகு சேர்த்தவை. அடி பட்டது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று உடையில் பொடியைத் தடவி வைப்பார்கள். குத்து விழுந்ததும் புழுதி பறக்கும். காமிராவை நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதிலாகச் சற்றுக் குறைத்து ஓட்டினால் திரையில் கை வேகமாகும். சிக்கனத்தில் பிறந்த இந்த உத்திகள் ஒரு கலையாகவே வளர்ந்தன. 1985-இல் மிஷெல் யோவும் சிந்தியா ரோத்ராக்கும் போலீஸ் அதிகாரிகளாக வந்த ‘யெஸ், மேடம்’ படத்தின் கடைசிச் சண்டையைப் போட்டுக் காட்டினேன். இரண்டு பெண்களின் கால்வீச்சுக்கும் வேறு வேறு தாளம்.

ஜூலை 17, புதன்

தயாரிப்பாளர் வந்திருந்தார். முதல் சண்டையைப் பார்த்துவிட்டு, அடி எல்லாம் மெலிவாக இருக்கிறது, கூடத்தில் சேமித்து வைத்திருக்கும் கனமான குத்துகளை எடுத்து எல்லா இடத்திலும் போடுங்கள் என்றார். ‘போக்கிரி’யில் கதாநாயகன் அடித்தால் தியேட்டர் அதிருமே, அவனும் மாறுவேடப் போலீஸ்தானே என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பொறுமையாகவே பதில் சொன்னேன். 2006-இல் தெலுங்கில் வந்து, 2007-இல் தமிழிலும் 2009-இல் ‘வான்டட்’ என்று இந்தியிலும் பிரபுதேவா எடுத்த அந்தக் கதையில், அவன் போலீஸ் என்பது பார்க்கிற நமக்கே கடைசிப் பகுதிவரை தெரியாது. நமக்கும் அவன் ரௌடிதான். ஆகவே சத்தமும் ரௌடியின் சத்தமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். நம் படத்தில் முதல் காட்சியிலேயே பார்வையாளருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. தெரியாதது கும்பலுக்கு மட்டும். அவன் அடக்கி அடிக்கிறான் என்பதை நாம் கேட்க வேண்டும். எல்லாக் குத்தையும் கனமாக்கிவிட்டால் அவன் எதையுமே மறைக்கவில்லை என்று ஆகிவிடும். கடைசியில் கம்பை எடுக்கும்போது கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

இன்னொன்றையும் சொன்னேன். சேமிப்பில் இருக்கும் அந்தக் குத்துகள் இந்த நகரத்தில் எத்தனையோ படங்களில் விழுந்தவை. நிஜமாகக் கம்பு சுற்றும் பையனுக்கு இன்னொருவனுடைய அடியை மாட்டிவிடுவது அவனுக்குச் செய்யும் அநியாயம். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சண்டையைக் கேட்ட பிறகு பேசலாம் என்று கிளம்பினார்.

ஜூலை 20, சனி

புரூஸ் லீ இறந்த நாள். 1973-இல், 32 வயதில். ‘என்டர் தி டிராகன்’ அமெரிக்காவில் வெளியானது அதற்கு அடுத்த மாதம்; அந்த வெளியீட்டைப் பார்க்க அவர் இல்லை. இந்த நாளில் கம்பின் ஓசையைப் பதிவு செய்ய அமைந்தது.

தாராவியிலிருந்து சிலம்ப ஆசான் ஒருவர் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், அண்ணாச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள். தன் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு, கூடவே மெல்லிய பிரம்பு ஒன்று. பிரம்பைச் சுற்றினால் உயர்ந்த விர்ர், மூங்கிலுக்கு அடித்தொண்டை. பிடியைக் கம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தியதும் ஓசை தடித்து இறங்கியது. நகர்த்தும் நேரத்தில் உள்ளங்கை கம்பில் வழுக்கும் ஒரு சின்ன உரசல் கேட்டது. அண்ணாச்சி அதற்கு மன்னிப்புக் கேட்டார். அண்ணாச்சி, எனக்கு அதுதான் வேண்டும் என்று சொல்லி, மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோய் அதை மட்டும் தனியாக எடுத்தேன். பல நாள் கழித்துக் கம்பைத் தொடும் கைக்கு அந்த உரசல்தான் முதல் ஒலி.

ஜூலை 24, புதன்

எல்லா ஒலியையும் சேர்க்கும் கலவை இன்று முடிந்தது. கடைசிச் சண்டையில் உள்ளங்கை உரசல், பிறகு மூங்கிலின் வீச்சு, அதன் பிறகு முதல் முறையாக மறைக்காத காலடிகள். தயாரிப்பாளர் முழுவதையும் கேட்டார். முதல் சண்டையை மறுபடி போடச் சொன்னார். கிழவர் திரும்பும் இடத்தில், அது என்ன ஓசை என்று அவரே கேட்டார். கால், என்றேன். நடுவில் வரும் ஒரு சந்துச் சண்டையில் மட்டும் சில குத்துகளைக் கூட்டச் சொன்னார். அங்கே மறைக்க ஒன்றும் இல்லாததால் கூட்டிக் கொடுத்தேன். முதல் சண்டை நான் கொடுத்தபடியே போகிறது.

டிரெய்லருக்குத் தனிக் கலவை கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள். அதில் எல்லா அடியும் கனமாகவே விழும். அதில் எனக்கு வருத்தமில்லை, டிரெய்லரில் கிழவர் வரவில்லை.