தச்சன் என்று நிரூபிக்க நான்கு நடை

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் பதிவு எண் நேற்று மாலை என் கைப்பேசிக்கு வந்தது. பதினொரு ஆண்டுகளாக உளி பிடிக்கிறேன். நான் தச்சு வேலை செய்பவன் என்று அரசு ஏற்றுக்கொள்வது இதுவே முதல்முறை. அதற்காக நான்கு நாள் கூலி போயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு அப்படிப் போகக்கூடாது.

நான் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றதும், பக்கத்துத் தெரு ஆசாரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மரத்தைத் தொடவே விடவில்லை. காலையில் கல்லில் எண்ணெய் விட்டு உளிகளைத் தீட்ட வேண்டும். தீட்டிய உளியை முன்கையில் வைத்து லேசாக இழுப்பார். முடியைச் சிரைத்தால் சரி, இல்லாவிட்டால் மறுபடியும் கல்லுக்கே போக வேண்டும். அதன்பின் இழைப்புளி, அதன்பின் அளவு. அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் தப்பினாலும் நிலைச்சட்டத்தின் துளைக்குள் செருகும் மர நாக்கு ஆடும் என்பார். மூன்றாம் ஆண்டில்தான் வேம்பில் ஒரு நிலையை நானே தனியாகக் கோத்தேன். எல்லாம் கற்றேன், ஆனால் எங்கே, எத்தனை நாள், யார் வீட்டில் வேலை செய்தேன் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. சனிக்கிழமை கூலியைக் கையில் வாங்கியதோடு சரி.

வாரியத்துக்கு முன்பே ஒரு பயணம் வீணாகியிருந்தது. மெஷின் வாங்கக் கடன் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கலைஞர் கைவினைத் திட்டத்துக்காக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன். அந்தத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் மர வேலையும் இருக்கிறது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். எனக்கு 29. புறப்படும் முன் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரியப் பதிவுக்குக் கணினி மையத்தில் விண்ணப்பித்தேன். இரண்டு வாரத்தில் நிராகரித்துவிட்டார்கள். ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால். போதாததற்கு வங்கிப் புத்தகத்தின் படமும் மங்கலாக இருந்தது. வங்கியில் பெயரைத் திருத்த ஒரு நாள். மையத்தில் பதிவேற்றுபவர் அவசரப்படுவார். திரையில் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே படித்துப் பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வாரிய அலுவலகத்துக்கு நேரில் போனபோதுதான் மனம் நொந்தது. ஒன்றே கால் மணி நேர பஸ் பயணம். எழுத்தர் தலை நிமிராமலே, "கட்டில், பீரோ செய்கிறவர்களுக்குக் கட்டுமான வாரியம் கிடையாது" என்றார். வீடுகளுக்கு நிலையும் கதவும் ஜன்னலும் செய்கிறேன், கான்கிரீட்டுக்குப் பலகையும் அடிக்கிறேன் என்றேன். "அதற்கு என்ன ஆதாரம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கையில் உளி பட்ட தழும்புகள் இருந்தன, அவற்றை எந்தக் கோப்பில் வைப்பது? வெளியே வந்ததும் ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொன்னார். கொடுக்காதீர்கள். பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

ஆசாரியிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, நீ மாட்டிய கதவுகள் அங்கேயேதானே இருக்கின்றன, போய்க் கேள்" என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலை செய்த ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கோடு போட்ட தாளில் தன் கையாலேயே எழுதினார்: தலைவாசல் நிலை ஒன்று, உள் கதவுகள் ஆறு, ஜன்னல்கள் ஒன்பது. தேதியும் கைப்பேசி எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு தலைவாசல் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். "நான்கு மழைக்காலம் பார்த்துவிட்டது தம்பி, இன்னும் தரையில் உரசவில்லை" என்றார். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்தக் கடிதத்தோடும் கதவுகளின் படங்களோடும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன். முதல் நாள் அவர் தாலுகா அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். போன் செய்து கேட்டிருந்தால் அந்த நடை மிச்சமாகியிருக்கும். மறுமுறை கடிதத்தைப் படித்து, அந்த அம்மாவிடம் போனில் பேசி, நான் கட்டுமான வேலை செய்பவன் என்ற பணிச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை இணைத்த விண்ணப்பம் தடையில்லாமல் ஏற்கப்பட்டது.

பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம், வேலையில் விபத்து நேர்ந்தால் உதவி எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான். ரம்பத்தோடு வேலை செய்கிறவன் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

ஜூன் மாதத்திலிருந்து என்னிடம் ஒரு பையன் கையாளாக இருக்கிறான். அவனுக்கும் முதலில் தீட்டுக்கல்தான். கூடவே 40 பக்க நோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பெயர், வேலை, தேதி, அவருடைய கையெழுத்து. ஒவ்வொரு வீட்டிலும் கடைசிக் கதவை மாட்டிய அன்றே அவன் எழுதி வாங்கிவிட வேண்டும்.