ஒழுங்கையில் நிற்கும் தண்ணீரும் அமைச்சுக்குப் போகும் கடிதமும்

கொழும்பு மாநகர சபை உறுப்பினர் தன் கடிதத் தலைப்பில் அமைச்சருக்கு நேரே எழுதிக் காரியம் நடப்பது அபூர்வம். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு உள்ளூராட்சி மாகாண விடயம். அதனால் அமைச்சு அந்தக் கடிதத்தில் "உரிய நடவடிக்கைக்கு" என்று குறித்து மேல் மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு அனுப்பும். அவர் மாநகர ஆணையாளருக்கு அனுப்புவார். நகர மண்டபத்தில் புறப்பட்ட கடிதம் ஊரைச் சுற்றி நகர மண்டபத்துக்கே வந்து சேரும்.

இதைத் தவிர்க்க, பிரச்சினையின் எந்தப் பகுதி யாருடையது என்று முதலில் பிரிக்க வேண்டும். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை மழைக்கு நிரம்புகிறது என்று வையுங்கள். ஒழுங்கையும் அதன் ஓர வடிகானும் மாநகர சபையுடையவை. காலி வீதி ஏ2 என்பதால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. கால்வாயைப் பார்ப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். தண்டவாளத்துக்குக் கீழே உள்ள மதகென்றால் புகையிரதத் திணைக்களம். கடல்வாயை மணல் மூடினால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். ஒரே தண்ணீருக்கு ஐந்து சொந்தக்காரர். வடிகான் பிரிவுப் பொறியியலாளரோடு மேட்டிலிருந்து கடல்வரை நடந்து, அடைப்பு எங்கே என்று பாருங்கள். அது நம்முடைய வடிகானிலேயே இருந்தால் அமைச்சுக்கு எழுதுவது வெட்கக்கேடு. துப்புரவாக்கிய பிறகும் தண்ணீர் நின்றால்தான் மற்றவர்களிடம் கேட்க முடியும்.

ஆதாரத்துக்குப் படம் மட்டும் போதாது. சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்தை நாடாவால் அளந்து, மழை விட்ட நேரத்தையும் தண்ணீர் வடிந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். அன்றைய மழைவீழ்ச்சியை பௌத்தாலோக மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தில் பெறலாம். சின்ன மழைக்கே நிற்கிறது என்று காட்டினால், "அசாதாரண மழை" என்ற வழமையான பதில் எடுபடாது.

அதன் பிறகு சபையில் பிரேரணை. "வெள்ளப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்ற பிரேரணை ஏகமனதாக நிறைவேறும், ஆனால் ஒன்றும் நடக்காது. எந்த நிறுவனம், எந்த இடம், என்ன வேலை என்ற மூன்றும் வாசகத்திலேயே இருக்க வேண்டும். அந்தச் சபைக் கூட்டத்தின் அறிக்கை உறுதிப்படுத்தப்பட்ட பின், தீர்மானத்தின் பிரதியையும் பொறியியலாளரின் செலவு மதிப்பீட்டையும் இணைத்து மாநகர ஆணையாளரின் கையொப்பத்தில் அனுப்புங்கள். முகவரி, வேலை செய்ய வேண்டிய நிறுவனத்துக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளருக்கு; பிரதி அந்த நிறுவனத்தின் தலைவருக்கும் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலாளருக்கும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கமென்றால் கொழும்பு பிரதேச செயலாளர்.

பிரேரணையைத் தமிழில் கொண்டுவரத் தயங்க வேண்டாம். உள்ளூராட்சி உறுப்பினர் தம் கடமையைச் சிங்களத்திலோ தமிழிலோ செய்யலாம் என்று அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனாலும் சிங்களப் பிரதியையும் நீங்களே சேர்த்துக் கொடுங்கள். உரிமை ஒரு பக்கம், மொழிபெயர்ப்பாளருக்காகக் கோப்பு தூங்குவது இன்னொரு பக்கம்.

பணம் வேண்டிய வேலையென்றால் காலம் முக்கியம். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வரும். அமைச்சுகள் தங்கள் மதிப்பீடுகளைத் திறைசேரிக்குக் கொடுப்பது அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே. ஒக்டோபர் மழையில் நனைந்துவிட்டு எழுதினால் அந்த ஆண்டு முடிந்த கதை. மே, ஜூனில் கோப்பு அங்கே இருக்க வேண்டும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேச வைப்பது நல்ல வழி, ஏனென்றால் ஐந்து சொந்தக்காரரும் ஒரே மேசையில் இருப்பார்கள். கூட்டத்தன்று எழுந்து பேசுவதை நம்ப வேண்டாம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் ஏற்றுங்கள். முடிவு கூட்டத்தின் அறிக்கையில் நிறுவனத்தின் பெயரோடு பதிந்ததா என்பதையும் பாருங்கள். "சம்பந்தப்பட்டோர் கவனிப்பார்கள்" என்று எழுதியிருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பதிலே இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். கடிதத்தின் திகதியையும் இலக்கத்தையும் கொடுத்து, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதியைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோப்பு யாருடைய மேசையில் நிற்கிறது என்பது அந்தக் குறிப்புகளில் தெரிந்துவிடும். அடுத்த கடிதத்தை அந்த மேசைக்கே அனுப்பலாம்.