முழக்காரர் வைத்த முத்திரை

திருப்பூரில் 11 வருஷம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவன் நான். லண்டன் வந்தபின், தேம்ஸ் கரையில் கிடைக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் இடத்தில் வாரம் இரண்டு நாள் வேலை. ஆற்றில் நீர் இறங்கும் நேரத்தில், உரிமம் வாங்கியவர்கள் சேற்றில் பொறுக்கிக் கொண்டு வருவார்கள். நாங்கள் எடை போட்டு, அளந்து, படம் எடுத்து, கணினியில் ஏற்றுவோம்.

ஒருநாள் என் மேசைக்கு ஒரு நசுங்கிய ஈயத் துண்டு வந்தது. ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் இரண்டு வில்லைகள், நடுவே சின்னப் பட்டை. ஒன்றில் முளை, மற்றதில் துளை. அந்தக் காலத்தில் துணிக்கு வைத்த முத்திரை அது. துணி ஓரத்தில் மடித்து, முளையைத் துணி வழியே துளைக்குள் நுழைத்து, அச்சு வைத்து ஓங்கி அடிப்பார்கள். முளை சப்பிப் போகும். வெட்டினால் ஒழியக் கழற்ற முடியாது. அட, நம்ம டேக்!

அந்தச் சந்தோஷத்தில் பல் துலக்கும் பிரஷை எடுத்துப் பளிச்சென்று தேய்த்துவிட்டேன். பிரிவுத் தலைவி பார்த்தார். திட்டவில்லை. "இடுக்கில் இருந்தது அழுக்கில்லை, நூல்" என்றார். அடுத்து வந்த வில்லையை லென்சில் காட்டினார். துணி எப்போதோ மக்கிப் போயிருந்தது. ஈயத்தில் மட்டும் பாவும் ஊடையும் எண்ணிவிடலாம் போலப் பதிந்திருந்தன.

கம்பளித் துணி இரு கரைகளுக்கும் நடுவே இரண்டு 'எல்' (பழைய நீள அளவு) அகலம் இருக்க வேண்டும் என்று 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில் சட்டம் போட்டார்கள். அளந்து பார்த்து முத்திரை வைத்த அதிகாரிக்கு 'ஆல்னேஜர்' என்று பெயர். முழங்கையைக் குறிக்கும் 'உல்னா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் முழம் மாதிரியேதான். ஆனால் இங்கிலாந்தின் எல் 45 அங்குலம், யார் கையோ!

முத்திரை இல்லாத துணியை விற்றால் பறிமுதல். குறையுள்ள துணிக்கு, குறை என்றே பொறித்த தனி முத்திரை. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நாங்கள் குறைப் பீஸைத் தனியே ஒதுக்கிவைப்போம், அவ்வளவுதான். அவர்கள் அந்தக் குறையைத் துணியோடு சேர்த்தே அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

போகப் போக அது வெறும் வசூல் ஆகிவிட்டது. பதவியைக் குத்தகைக்கு விட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில், துணியைப் பார்க்காமலே முத்திரைகளை மொத்தமாக விற்கிறார்கள் என்று புகார் எழுந்தது. 1724-இல் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்த அன்று வேலை ஓடவில்லை. திருப்பூரில் ஒரு ராத்திரி, ஒரு மணி. கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. "போட்டுருங்க கண்ணு, காலைல பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். காலையில் கன்டெய்னர் தூத்துக்குடியில் இருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு பெட்டிகூடத் திறக்காமல் பாஸ் போட்டேன். துணி வாங்கிய பையரிடமிருந்து புகார் ஏதும் வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் படிவத்தில் 'துணித் தடம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் தேய்த்த வில்லைக்கு 'இல்லை' என்று எழுதினால் முடிந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. 'இருந்தது, சுத்தம் செய்கையில் போனது' என்று அடித்து, பக்கத்தில் என் இனிஷியலைப் போட்டேன்.